புதன்கிழமை வந்த வெள்ளி

மருதாயி பார்ப்பதற்கு முன்னால் உலகத்தில் ஏதாவது ஒன்றைத் தாம் பார்த்துவிட வேண்டும் என்று ரைட்டர் காளியண்ணன் சபதம் எடுத்துக்கொண்டார்.

சின்ன ஆசைதான். ஆனால் அவர் குடித்தனத்தில் அது நடக்காத காரியம். கூரையில் பாம்பு ஏறினால் முதலில் பார்ப்பவள் மருதாயி. மலைப்பாதையின் மூன்றாவது வளைவில் விருந்தாளியின் முண்டாசு தெரிந்தால் முதலில் பார்த்து உலையில் தண்ணீர் கூட்டுபவள் மருதாயி. காளியண்ணன் மனசுக்குள் ஒரு பொய் முளைவிட்டு நாக்குக்கு வந்து சேர்வதற்குள் அதையும் பார்த்துவிடுவாள். போன மாசம் அவர் தலையில் முதல் நரை கண்டது. அவர் தலை, அவர் நரை. கண்டது யார்? "ஏனுங்க, நரைச்சுப் போச்சுங்க" என்று அவள்தான் செய்தி சொன்னாள். நரை பிடரியில் இருந்தது, பிடரியை யாரும் தானே பார்த்துக்கொள்ள முடியாது என்பது நியாயமான பேச்சு. ஆனால் மனசு நியாயத்தையா கேட்கிறது?

அப்படி அவர் பொருமிக்கொண்டிருந்த கார்த்திகை மாதத்தில்தான் துரை அவரைப் பங்களாவுக்குக் கூப்பிட்டு அனுப்பினார். இங்கிலீஷ் கணக்கில் அது ஆயிரத்து எண்ணூற்று எழுபத்து நான்காம் வருஷம்.

துரைக்குச் சேர்வராயன் மலைச் சரிவில், காளியண்ணன் கணக்கெழுதும் காப்பித் தோட்டம் இருந்தது. கண் மட்டும் எப்போதும் வானத்தில். செடியில் பூச்சி விழுந்தால் கலங்கமாட்டார். வானத்தில் மேகம் விழுந்தால் சோறு இறங்காது. அவர் தமிழ் கற்றது பழம் பறிக்கும் பெண்களிடம். அதனால் தம் நாயிடம்கூட "வாங்க, உக்காருங்க" என்றுதான் சொல்வார்.

"காளியண்ணன், வெள்ளி தெரியுமுங்களா?" என்றார்.

"தெரியுமுங்க துரை."

"வர்ற புதன்கிழமை காலையில வெள்ளி, சூரியனோட மூஞ்சிக்குக் குறுக்கால நடந்து போகுதுங்க." மேஜையில் ஓர் ஆரஞ்சுப் பழத்தை வைத்து, அதற்கு முன்னால் தம் கோட்டுப் பொத்தானை மெல்ல நகர்த்திக் காட்டினார். "கறுப்புப் பொட்டு மாதிரி தெரியும். நாலரை மணி நேரம். உச்சிக்குக் கொஞ்சம் முன்னால வெளியே போயிரும். இதை விட்டா எட்டு வருஷம். அது நம்ம ஊருக்குத் தெரியாது. அதையும் விட்டா நூத்திருபது வருஷத்துக்கு மேல. நீங்களும் இருக்கமாட்டீங்க, நானும் இருக்கமாட்டேனுங்க."

துரை துக்கத்தோடு பொத்தானை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். காளியண்ணனுக்கும் நூற்றிருபது வருஷம் கழித்துத் தாம் இல்லாததை நினைத்துக் கொஞ்சம் துக்கமாகத்தான் இருந்தது.

விஷயம் இதுதான். துரை குழாய்க் கண்ணாடியோடு மலை உச்சிக்குப் போகப்போகிறார். ஆனால் கார்த்திகை மாதத்து மூடுபனியை நம்ப முடியாது. உச்சியை மஞ்சு மூடிவிட்டால்? ஆகவே கீழே காப்பிக்கொட்டை காயப்போடும் களத்தில் காளியண்ணன் கரி படிந்த கண்ணாடித் துண்டோடும் துரையின் கடிகாரத்தோடும் காவல் இருக்க வேண்டும். பொட்டு எந்தப் பக்கமாக, எந்நேரத்தில் வெளியே போகிறது என்று குறிக்க வேண்டும்.

"பார்த்தவங்க பேரு, மெட்ராசுக்குப் போற கடிதாசில ஏறுமுங்க" என்றார் துரை.

காளியண்ணன் கரிக்கண்ணாடியை மடியில் கட்டிக்கொண்டு பறந்தார். மருதாயி பார்க்காத ஒன்று! நூற்றிருபது வருஷத்துக்கு யாருமே பார்க்க முடியாத ஒன்று! அதுவும் மெட்ராஸ் வரைக்கும் பேர்! அவளிடம் மூச்சு விடக்கூடாது. விட்டால் அன்று காலையில் களத்தில் அவருக்கு முன்னால் அண்ணாந்து நிற்பாள். கண்ணாடியை ராகிப் பானைக்குள் ஆழப் புதைத்து வைத்தார்.

எல்லாம் சரி. வாய்தான் கெடுத்தது. சாயங்காலம் களியை உருட்டும்போது நாள் மறந்துவிடக்கூடாதே என்று தம்மையறியாமல் "புதன் வெள்ளி, புதன் வெள்ளி" என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

"என்னங்க புதன் வெள்ளி? நடுவால இருந்த வியாழனை முழுங்கிட்டீங்களா?" என்றாள் மருதாயி.

"ஒண்ணுமில்ல புள்ள. புதனன்னிக்கு வெள்ளி வருது. அவ்வளவுதான்."

"புதனன்னிக்குப் புதன்தானுங்க வரும். வெள்ளி வெள்ளிக்கெழமைதான் வரும்."

"அந்த வெள்ளி இல்ல. இது வேற வெள்ளி."

குழம்பு ஊற்றிய கை அப்படியே நின்றது. மருதாயி தன் கால்களைக் குனிந்து பார்த்தாள். எட்டு வருஷமாக அந்த வீட்டில் ஒரே பல்லவி. 'காப்பி காப்பின்னு கீழ்நாட்டுல இருந்து மலை ஏறி வந்தோம். காப்பிதான் இருக்குது. காலுக்கு ஒரு காப்பு இருக்குதுங்களா?'

"வேற வெள்ளின்னா, காப்பு செய்யற வெள்ளிங்களா?"

உண்மையைச் சொன்னால் சபதம் போயிற்று. காளியண்ணன் ஒரு கவளம் விழுங்கும் நேரம் யோசித்தார்.

"அப்படித்தான்னு வெச்சுக்கோயேன்."

"எங்கிருந்துங்க வருது? சேலத்துல இருந்துங்களா?"

"கெழக்கால இருந்து."

"சேலம் தெக்காலயில்லீங்க இருக்குது? கெழக்கால இருந்து பொழுதுதான் வரும்."

"பொழுதோட சேர்ந்துதான் வருது."

"எம்மாம் பெருசுங்க?"

"நொம்பச் சின்னது. பொட்டாட்டம்."

"பொட்டாட்டம் காப்பு எலி காலுக்குக்கூடப் பத்தாதுங்களே!"

"தூரத்துல இருந்து பாத்தாத்தான் சின்னது. கிட்டப் போனா பூமி அத்தனை பெருசாமா."

"அப்ப ஆனை காலுக்குக்கூடப் பெருசுங்க. கழண்டு விழுந்துருமே. சரி, பளபளன்னு இருக்குமுங்களா?"

"கறுப்பா இருக்கும்."

"வெள்ளி கறுப்பா இருக்குமா?"

"அன்னிக்கு மட்டும்."

"சரிங்க. வந்தா இங்கயே இருக்குமில்லீங்க?"

"நாலரை மணி நேரம் இருக்கும். அப்புறம் போயிரும்."

"எரவல் நகைங்களா?"

காளியண்ணனுக்குத் தலை சுற்றியது. எந்த வெள்ளியைப் பற்றிப் பேசுகிறோம் என்று அவருக்கே மறந்துவிட்டது. "உனக்கு வெள்ளி வருது. ஆளை விடு!" என்று கத்திவிட்டார்.

மருதாயி முகம் மலர்ந்தது. எஸ்டேட் லைன் வீடுகள் ஒன்றோடொன்று ஒட்டியவை. நடுவில் ஒரு மண் சுவர்தான். அந்தச் சுவரைப் பார்த்து அவள் கேட்டாள்: "பூவாயி, கேட்டுக்கிட்டயா?"

"கேட்டேனக்கா!" என்றது சுவர்.

சாட்சி ஆயிற்று. இருந்தாலும் காளியண்ணன் நிம்மதியாகத்தான் கை கழுவினார். காப்பைப் பற்றி அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். ரகசியம் பத்திரம்.

புதன்கிழமை விடிந்தது. விடிந்ததாக ஊகிக்கத்தான் முடிந்தது. வாசலில் மஞ்சு வெள்ளை வேட்டி கட்டித் தொங்கவிட்டது போல நின்றது. காளியண்ணன் ராகிப் பானைக்குள் கைவிட்டு, கண்ணாடியை எடுத்தார். கண்ணாடி பளிச்சென்று இருந்தது.

"மருதாயி! இதுல இருந்த கரி எங்க?"

"ராகிக்குள்ள கரிக்கண்ணாடி கெடந்துச்சுங்க. எந்தப் பாவி போட்டானோ! சாம்பல் வெச்சுத் தேச்சுக் கழுவினேன். இப்ப மூஞ்சியே தெரியும், பாருங்க."

பார்த்தார். தெரிந்தது. வானத்தை அளக்கப் புறப்பட்டவர் அன்று முதன்முதலில் கண்டது நாலு நாள் தாடியோடு கூடிய தம் மூஞ்சியைத்தான்.

திட்ட முடியாது. திட்டினால் கரி எதற்கு என்று சொல்ல வேண்டும். பல்லைக் கடித்துக்கொண்டு கண்ணாடியை விளக்குத் திரியில் காட்டினார். போதாது என்று தோன்றியது. அடுப்புப் புகையில் காட்டினார். சூரியன் அல்லவா, கண் போய்விட்டால்? சட்டி அடிக்கரியைச் சுரண்டி விளக்கெண்ணெயில் குழைத்து இன்னொரு பூச்சும் பூசினார். இப்போது அது வழியாக எரியும் அடுப்பைப் பார்த்தார். அடுப்பு தெரியவில்லை. நல்ல பாதுகாப்பு என்று திருப்திப்பட்டுக்கொண்டு களத்துக்கு ஓடினார்.

களத்தின் ஓரத்தில் பழம் அலசும் தொட்டி. அதன் பக்கத்தில் ஒரு கூடையைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார். ஏழு மணி. எட்டு. ஒன்பது. கண்ணாடியைக் கண்ணில் வைத்தால் ஒரே கறுப்பு. எடுத்தால் ஒரே வெள்ளை. வைத்தார், எடுத்தார். கறுப்பு, வெள்ளை. குற்றம் கண்ணாடியிலா, வானத்திலா, கண்ணிலா என்று அவருக்கு விளங்கவில்லை. சூரியன் எந்தத் திசையில் இருக்கிறது என்பதே குழப்பமாகிவிட்டது. ஒருமுறை நெடுநேரம் உற்றுப் பார்த்தபின், அது துரையின் எருமைக் கொட்டகை என்று தெரிந்தது.

பத்து மணிக்கு மேல் மருதாயி கஞ்சிக் கலயத்தோடு வந்தாள்.

"ஏனுங்க, கரிச்சட்டி ஓட்டைக் கண்ணுல வெச்சுக்கிட்டு என்ன பண்றீங்க?"

"துரை வேலை. நீ கஞ்சியை வெச்சுட்டுப் போ."

"மஞ்சு கொஞ்சம் கலையறாப்பல இருக்குதுங்களே" என்று அவள் கழுத்தை நிமிர்த்தப் போனாள்.

காளியண்ணனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "நிமிராதே! குனி! மேல பாத்தாக் கண்ணு அவிஞ்சு போயிரும். துரை உத்தரவு. நான் சொல்ற வரைக்கும் தலை குனிஞ்சே நிக்கோணும்!"

புருஷன் பேச்சைத் தட்டாத உத்தமியாக மருதாயி அன்று மட்டும் நடந்துகொண்டாள். தொட்டிக் கரையில் நின்று, குனிந்த தலை நிமிராமல் தண்ணீரையே பார்த்தாள். தொட்டித் தண்ணீர் பழச்சாறு ஊறிக் கறுப்பாக, அலையில்லாமல் கிடந்தது.

கொஞ்ச நேரம் கழித்து, "ஏனுங்க, தொட்டிக்குள்ள" என்று ஆரம்பித்தாள்.

"பேசாதே."

"இல்லீங்க, தொட்டிக்குள்ள ஒண்ணு தெரியுதுங்க."

"தவக்களையா இருக்கும்."

"வட்டமா இருக்குதுங்க."

"அப்ப ஆமை."

"அதுல சின்னதா ஒரு—"

"ஆமைக்குக் கண்ணு இருக்காதா? சும்மா இரு புள்ள! இங்க நூத்திருபது வருஷத்துக் காரியம் நடந்துக்கிட்டிருக்குது!"

அவர் கண்ணாடியில் கறுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வேலையாட்களைக் கஞ்சிக்கு அழைக்கும் மணி அடித்துச் சற்று நேரமானபின், "ம், போயிருச்சுங்க" என்று சொல்லிவிட்டுக் காலிக் கலயத்தை எடுத்துக்கொண்டு கொட்டை கிளறப் போனாள். ஆமை போனதற்கு நாம் என்ன செய்வது என்று காளியண்ணன் இருந்துவிட்டார்.

உச்சி நேரத்தில் மஞ்சு மொத்தமாக விலகியது. வெயில் சுள்ளென்று அடித்தது. காளியண்ணன் கண்ணாடியை உயர்த்தினார். அத்தனை கரியையும் துளைத்துக்கொண்டு அணையப்போகும் கங்கு போல மங்கலாக ஒரு வட்டம் தெரிந்தது. அதன் நடுவில் ஒரு கறுப்புப் பொட்டு!

அவருக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. கண்ணில் நீர் வந்தது. மருதாயி பத்தடி தள்ளிக் கொட்டை கிளறிக்கொண்டிருக்கிறாள். அவளுக்குத் தெரியாது. இந்த உலகத்தில் அவருக்கும் துரைக்கும் மட்டும்தான் தெரியும். காகிதத்தில் எழுதினார்: 'மணி பன்னிரண்டு. இருக்கிறது.' அதற்குள் போயிருக்க வேண்டுமே என்று லேசாக உறுத்தியது. வானத்துக்குத் துரை உத்தரவு போட முடியுமா என்று விட்டுவிட்டார். 'மணி ஒன்று. இருக்கிறது.' 'மணி இரண்டு. அங்கேயேதான் இருக்கிறது.'

இரண்டரைக்குத் துரை இறங்கி வந்தார். தொப்பியிலிருந்து தண்ணீர் சொட்டியது. முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை. உச்சியில் காலையிலிருந்து தம் கை தமக்குத் தெரியவில்லையாம். எத்தனையோ வருஷமாகக் காத்திருந்த மனுஷர்.

"நீங்களாவது பார்த்தீங்களா, காளியண்ணன்?"

"பாத்தேனுங்க துரை! இப்பவும் இருக்குதுங்க!"

"இப்பவுமா?"

துரை கண்ணாடியை வாங்கிக் கண்ணில் வைத்தார். கண்ணாடியை இடப்பக்கம் அசைத்தார். பொட்டு இடப்பக்கம் போனது. வலப்பக்கம் அசைத்தார். வலப்பக்கம் வந்தது. கண்ணாடியைத் திருப்பி, ஒரு விரலால் மெல்லச் சுரண்டினார். நாலரை மணி நேரத்தில் சூரியனைக் கடக்க வேண்டிய வெள்ளி, துரையின் நகக்கண்ணில் வந்து ஒட்டிக்கொண்டது. சட்டிக்கரி.

துரை கூடைமேல் உட்கார்ந்துவிட்டார். காளியண்ணனுக்குப் பூமி பிளக்காதா என்றிருந்தது.

"நெசப் பொட்டு அப்பவே போயிருச்சுங்க துரை" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். மருதாயி. இன்னமும் குனிந்த தலை நிமிரவில்லை.

"நீங்க பார்த்தீங்களா?"

"மேல பாக்கலீங்க. ஊட்டுக்காரர் நிமிரக்கூடாதுன்னுட்டாரு. தொட்டியிலதானுங்க பாத்தேன். மஞ்சுக்குள்ள பொழுது நிலாவாட்டம் கெடந்துச்சு. அதுல மிளகு ஒட்டினாப்பல ஒரு பொட்டு."

களத்தில் காய்ந்துகொண்டிருந்த கொட்டைகளைக் கையால் ஒதுக்கி ஒரு வட்டம் அமைத்தாள். முந்தானை முடிச்சிலிருந்து ஒரு மிளகை எடுத்து உள்ளே வைத்தாள். "மொதல்ல பாக்கையில இங்க இருந்துச்சுங்க. அப்புறம் இப்படியே நவுந்து, கஞ்சி மணி அடிச்சுச் சித்த நேரத்துல, வலது கைப் பக்கம் மேல் ஓரமா வெளிய போயிருச்சு. தொட்டிக்குள்ள கீழ் ஓரம்தான். தொட்டியில கீழ தெரிஞ்சா வானத்துல மேலதானுங்களே?"

துரை சட்டைப்பையிலிருந்து, வெள்ளி போக வேண்டிய வழியை அச்சடித்த படம் ஒன்றை எடுத்து விரித்தார். படத்தைப் பார்த்தார். மிளகைப் பார்த்தார். எழுந்து நின்று, சொட்டச் சொட்டத் தொப்பியைக் கழற்றினார். கவர்னர் வந்தபோதுகூட அவர் அவ்வளவு பணிவாகக் கழற்றவில்லை.

கடிதாசு அன்றைக்கே தயாரானது. துரை சொல்லச் சொல்ல, நல்ல கையெழுத்தில் எழுத வேண்டியவர் யார்? ரைட்டர்தானே. 'சேர்வராயன் மலையில் இதைக் கண்டவர், ரைட்டர் காளியண்ணனுடைய மனைவி மருதாயி' என்று எழுதினார். பேர் மெட்ராசுக்குப் போகத்தான் போனது. என்ன, ஆறாம் வேற்றுமையில் போனது.

வீட்டுக்கு வந்து களியின் முன்னால் உட்கார்ந்தார். ஒரு கேள்வி அவரை அரித்துக்கொண்டிருந்தது.

"அது வெள்ளிதான்னு உனக்கு யாரு சொன்னா?"

"யாரு சொல்லோணும்? எங்கப்பனுக்கு வெள்ளி மொளைச்சாக் கவலை."

"என்ன கவலை?"

"கெணத்துத் தண்ணி எறைக்கற கவலைங்க! விடிவெள்ளி பாத்துத்தான் மாட்டைப் பூட்டுவாரு. இந்த ஐப்பசியெல்லாம் வெள்ளி அந்தியில மேக்கால நின்னுச்சு. அப்புறம் நாளுக்கு நாள் கீழ எறங்கிப் பொழுதோட ஒட்டிக்கிச்சு. இன்னும் பத்து நாள்ல கெழக்கால விடிவெள்ளியா மொளைக்கும். மேக்கால இருந்தது கெழக்கால வரோணும்னா நடுவால பொழுதைத் தாண்டித்தானுங்களே வரோணும்? நீங்க புதன் வெள்ளின்னு மொணங்கறப்பவே ரோசனையாத்தான் இருந்துச்சு. பொழுதோட சேர்ந்து வருதுன்னீங்க பாருங்க, தெரிஞ்சு போச்சு."

காளியண்ணனுக்குக் கை வாய்க்குப் போகவில்லை. "தெரிஞ்சுமா அப்புறம் பளபளன்னு இருக்குமா, இங்கயே இருக்குமான்னு கேட்டே?"

"காப்பு இல்லைன்னு சொல்லிருவீங்கன்னு பாத்தேனுங்க. கடைசி வரைக்கும் சொல்லலீங்களே."

"அக்கா, வெள்ளி வந்துருச்சா?" என்று கேட்டது சுவர்.

"ஒண்ணு வந்துட்டுப் போயிருச்சு பூவாயி! காலுக்கு வர்றது வெள்ளிக்கெழமை வருதுங்கறாரு!"

காளியண்ணன் அப்படி எதுவும் சொல்லவில்லை. ஆனால் வெள்ளிக்கிழமை பொழுது விடியும்போது சேலத்துப் பாதையில் இறங்கிக்கொண்டிருந்தார். சாயங்காலம் திரும்பி ஏறும்போது, மூன்றாவது வளைவில் மூச்சு வாங்க நின்றார். மடியை அவிழ்த்து ஒரு ஜோடி வெள்ளிக் காப்பை வெளியே எடுத்து, கைக்கு ஒன்றாக வெயிலில் பிடித்துப் பார்த்தார். பளபளவென்று இருந்தது. மனசு குளிர்ந்தது. போகட்டும், இதையாவது அவளுக்கு முன்னால் நாம் பார்த்துவிட்டோம்.

மேலே லைன் வாசலிலிருந்து குரல் வந்தது. "ஏனுங்க! எடது கையில இருக்கறது நெளிஞ்சிருக்குதுங்க!"

காளியண்ணன் பார்த்தார். நெளிந்துதான் இருந்தது.